பஞ்சாங்கத்துக்குள் அடங்காத நட்சத்திரம்

2023-ஆம் ஆண்டு சனிப்பெயர்ச்சி இரண்டு தடவை நடந்தது. திருக்கணிதப் பஞ்சாங்கக்காரர்களுக்கு ஜனவரி 17. வாக்கியப் பஞ்சாங்கக்காரர்களுக்கு டிசம்பர் 20. திருநள்ளாறு கோயில் வாக்கியத்தைப் பின்பற்றுவதால் அங்கே கூட்டம் அலைமோதியது டிசம்பரில்தான். தொலைக்காட்சி ஜோதிடர்களுக்குக் கஷ்டமே இல்லை, இரண்டு தேதிக்கும் பலன் சொல்லிவிட்டார்கள்.

நான் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். மொட்டை மாடியில் தொலைநோக்கி வைத்திருப்பது தெருவுக்கே தெரியும் என்பதால் இந்தக் கேள்வி என்னிடமும் வரும். "சார், ரெண்டுல எது சரி?" ராசி எல்லையை எங்கே போடுவது என்பது தனிச் சண்டை, அதற்குள் நான் போவதில்லை. ஆனால் சனி இன்ன இடத்தில் இருக்கிறது என்று திருக்கணிதம் சொல்லும் இடத்தில் தொலைநோக்கியைத் திருப்பினால் சனி இருக்கும். வாக்கியம் சொல்லும் இடத்தில் திருப்பினால் வெறும் வானம்தான். இதைச் சொன்னால் பாதிப் பேர் சிரிப்பார்கள், மீதிப் பேருக்குக் கோபம் வரும்.

என் தாத்தா வாக்கியக்காரர். திருவையாறு பக்கத்தில் நாலைந்து கிராமத்துக்கு அவர்தான் நாள் பார்த்துச் சொல்வார். சிறுவனாக இருந்தபோது அவரிடம் கேட்டிருக்கிறேன்: "தாத்தா, நெஜமாவே சந்திரன் அங்கதான் இருக்கான்னு ராத்திரி வெளில வந்து பாத்திருக்கீங்களா?" அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்: "வாக்கியம் இருக்கும்போது வானத்த எதுக்குடா அண்ணாந்து பாக்கணும்?"

அவரைக் கிண்டல் செய்ய இதைச் சொல்லவில்லை. சந்திரனுக்கு 248 வாக்கியங்கள். ஒவ்வொரு வாக்கியத்தின் எழுத்துகளுக்குள்ளும் எண்கள் பொதிந்து கிடக்கும், ஒரு நாளுக்கு ஒரு வாக்கியம். 248 நாள் முடிந்ததும் சந்திரனின் ஓட்டம் ஏறக்குறைய பழைய வேகத்துக்கே திரும்பிவிடும், மறுபடி முதல் வாக்கியம். தாளும் வேண்டாம், மையும் வேண்டாம். இதன் வலிமை எவ்வளவு என்று சென்னை வானாய்வகத்தில் பொறுப்பு வகித்த ஜான் வாரன் நேரிலேயே பார்த்துவிட்டு, 1825-ல் 'கால சங்கலிதம்' என்ற தம் பெரிய நூலில் எழுதிவைத்தார். புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக் கணிதர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த அட்டவணைகளிலிருந்து ஒரு சந்திர கிரகணத்தை அவர் கண் முன்னாலேயே கணித்துக் காட்டினார். கிரகணம் தொடங்கும் நேரத்தில் பிழை 4 நிமிடம்தான். முடியும் நேரத்தில் முக்கால் மணிக்கும் மேல். முதல் எண்ணைச் சொல்லிப் பெருமைப்படுகிறவர்கள் இரண்டாவது எண்ணைச் சொல்வதில்லை. சூத்திரம் தப்பு என்பதல்ல விஷயம். யாரும் வானத்தைப் பார்த்து அதைத் திருத்தவில்லை, அதனால் நூற்றாண்டுக்கு நூற்றாண்டு பிழை சேர்ந்துகொண்டே வந்தது.

அதைத் திருத்த வேண்டும் என்று சென்னையில் கிளம்பியவர்களில் முதன்மையானவர் சிந்தாமணி ரகுநாதாசாரி. நுங்கம்பாக்கம் வானாய்வகத்தின் முதல் உதவியாளர். திருக்கணிதப் பஞ்சாங்கத்தோடு அவர் பெயரைச் சேர்த்துச் சொல்கிறவர்களுக்கு அவர் கண்டுபிடித்த நட்சத்திரம் தெரியாது. நட்சத்திரத்தை அறிந்த வானியலாளர்களில் பலருக்குப் பஞ்சாங்கம் தெரியாது. எனக்கு இரண்டும் ஒரே வேலையாகத்தான் படுகிறது. ஏடு ஒன்று சொல்லி, வானம் வேறொன்று காட்டினால், ஏட்டைத் திருத்து. அந்த மனுஷனின் வாழ்க்கையே இந்த ஒரு வரிதான்.

அந்த நட்சத்திரத்தின் பெயர் ஆர் ரெட்டிகுலி. மீரா வகை மாறொளி நட்சத்திரம்; அதாவது மாதக்கணக்கில் விம்மியும் சுருங்கியும், பளிச்சென்று தெரிவதும் காணாமல் போவதுமாக இருக்கிற சிவப்பு ராட்சதம். அந்த வகைக்கே பெயர் கொடுத்த மூத்த நட்சத்திரத்தின் கதையை முதலில் சொல்லிவிட வேண்டும். அதில் ஒரு கொலையும் உண்டு.

ஜெர்மனியின் வடமேற்கு ஓரத்தில் கிழக்கு ஃப்ரீஸ்லாந்து என்ற சதுப்பு நிலச் சீமை. அங்கே ஒரு கிராமத் தேவாலயத்தில் போதகர் டேவிட் ஃபாப்ரீசியஸ். 1596 ஆகஸ்டில் ஒரு கிரகத்தின் இடத்தை அளந்துகொண்டிருந்தார். அது புதன் என்று அவருக்கு நினைப்பு, உண்மையில் வியாழன். அளக்க ஒரு நட்சத்திரம் அடையாளத்துக்கு வேண்டுமே என்று திமிங்கில மண்டலத்தில், நம் கணக்கில் அசுவினிக்கும் பரணிக்கும் தெற்கே, ஒன்றைப் பிடித்துக்கொண்டார். பிறகு பட்டியல்களைப் புரட்டினால் அப்படி ஒரு நட்சத்திரமே எதிலும் இல்லை. ஆகஸ்ட் கடைசிக்குள் அது இன்னும் பிரகாசமானது. அக்டோபரில் மறைந்தே போனது. 1572-ல் டைக்கோ பிராஹி பார்த்த புது நட்சத்திரம் எல்லோர் நினைவிலும் இருந்த காலம். இதுவும் அந்த மாதிரி வந்து போன ஒன்று என்று ஃபாப்ரீசியஸ் விட்டுவிட்டார்.

1603-ல் பேயர் தம் புகழ்பெற்ற நட்சத்திரப் படநூலில் அதே இடத்தில் ஒரு நட்சத்திரத்தைக் குறித்து, ஒமிக்ரான் என்று கிரேக்க எழுத்தும் கொடுத்தார். ஃபாப்ரீசியஸின் நட்சத்திரம்தான் அது என்று அவருக்குத் தோன்றவில்லை. 1609 பிப்ரவரியில் ஃபாப்ரீசியஸே மறுபடியும் அதைப் பார்த்தார். செத்துப்போனது என்று எழுதிவைத்த நட்சத்திரம் திரும்பி வந்திருக்கிறது! அதற்கு மேல் அவர் துருவிப் போகவில்லை. 1617-ல் வாத்து திருடிய ஒருவனைப் பிரசங்க மேடையிலேயே சாடைகாட்டிப் பேசப்போய், அவன் மண்வெட்டியால் அடித்ததில் உயிரை விட்டார்.

இருபத்தோரு ஆண்டு கழித்து, 1638-ல், ஹாலந்தின் ஃபிரானெக்கரில் ஹோல்வார்டா என்ற இளைஞர் அதைத் தொடர்ந்து பார்த்து, ஏறக்குறைய பதினோரு மாதத்துக்கு ஒரு தடவை திரும்பி வருகிறது என்று கண்டார். ஹெவேலியஸ் 1662-ல் அதன் வரலாற்றைச் சிறு நூலாக எழுதி 'மீரா' என்று பெயரிட்டார். 1667-ல் பிரெஞ்சுக்காரர் புல்லியால்டஸ் கணக்குப் போட்டு 333 நாள் என்றார். இன்று நாம் சொல்வது 332. கையில் நல்ல கடிகாரம் இல்லாத காலத்தில் ஒரே ஒரு நாள் வித்தியாசம். எப்படி? பல சுற்றுகளைக் கூட்டி, சுற்றுகளின் எண்ணிக்கையால் வகுத்தார். வாக்கியக்காரர்களின் வழியும் அதுதான். எத்தனை காலம் பார்க்கிறோமோ அத்தனைக்குச் சராசரி துல்லியமாகும்.

ஆனால் மீரா சராசரிக்குக் கட்டுப்பட்டதல்ல. உச்சம் சில வாரம் முன்னே வரும், பின்னே வரும். ஒரு சுற்றில் இரண்டாம் ஒளித்தரத்தை (எண் ஏற ஏற மங்கல்) தொட்டுத் திமிங்கில மண்டலத்தின் தலைமை நட்சத்திரத்தையே மிஞ்சி நிற்கும். அடுத்த சுற்றில் நான்காம் தரத்தோடு நின்றுவிடும். தாழ்வில் ஒன்பது, பத்துக்குப் போய்விடும், வெறுங்கண்ணுக்குக் கிடையாது. தவிர 332 நாள் என்பது வருஷத்துக்கு ஒரு மாதம் குறைவு. ஆகவே உச்சம் ஒவ்வொரு வருஷமும் ஒரு மாதம் முன்னால் நகரும். அது சித்திரை, வைகாசிக்கு வந்து சேரும் வருஷங்களில் சூரியனின் பக்கத்தில் மாட்டிக்கொண்டு கண்ணில் படாமலே போய்விடும்.

சரி, நுங்கம்பாக்கத்துக்கு வருவோம்.

கல்லூரிச் சாலையில் மண்டல வானிலை ஆய்வு மையத்தைக் கடந்து போகிறவர்கள் புயல் நேரத்தில் மட்டும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள். அந்த வளாகத்துக்குள் ஒரு கருங்கல் தூண் நிற்கிறது. 1792-ல் கிழக்கிந்தியக் கம்பெனி அங்கே கட்டிய வானாய்வகத்தில் கருவியைத் தாங்க நிறுத்திய தூண் அது. அதில் தமிழ், தெலுங்கு எழுத்துகளும் பொறித்திருக்கிறார்கள். கம்பெனிக்கு வானத்தின் மேல் பக்தி ஒன்றும் இல்லை. கப்பலுக்குத் தீர்க்கரேகை வேண்டும், நிலத்தை அளக்க ஒரு நிலையான புள்ளி வேண்டும், கோட்டைக்கு மணி வேண்டும். ஆனாலும் கருவி இருந்து, அதன் பின்னால் பொறுமையான ஆளும் இருந்தால் வானியல் எப்படியோ நடந்துவிடுகிறது. 1840-களில் அங்கே வானாய்வாளராக இருந்த டெய்லர் வெளியிட்ட சென்னைப் பட்டியலில் 11,000-க்கு மேற்பட்ட நட்சத்திரங்களின் இடம் இருந்தது. தென்வானத்துக்கு அப்போது ஐரோப்பா நம்பியிருந்த பட்டியல்களில் அதுவும் ஒன்று.

1861-ல் நார்மன் பாக்சன் வானாய்வாளராக வந்தார். மாறொளி நட்சத்திரப் பைத்தியம் பிடித்த ஆள் என்று சொன்னால் தப்பில்லை. இங்கிலாந்தில் இருபத்து நான்கு வயதில் ஆர் கேசியோபியே என்ற மீரா வகை நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தவர். இன்று உலகம் முழுக்க நட்சத்திரப் பிரகாசத்தை அளக்கும் கணக்கே அவர் கொடுத்ததுதான். பழைய கிரேக்கக் காலத்திலிருந்து முதல் தரம், இரண்டாம் தரம் என்று கண்மதிப்பில் சொல்லிவந்ததை, ஐந்து தரம் இறங்கினால் ஒளி சரியாக 100-ல் ஒரு பங்கு என்று 1856-ல் வரையறுத்தார். அப்படியானால் ஒரு தரத்துக்கு 2.512 மடங்கு. வகுப்பில் பதின்ம அடுக்கு நடத்தும்போது பையன்கள் தூங்கினால் இந்த எண்ணைத்தான் எடுப்பேன். நூறின் ஐந்தாம் மூலம் என்று சொன்னால் நாலு பேராவது நிமிர்வார்கள், அதுவும் நுங்கம்பாக்கத்தில் இருந்த ஒருத்தர் சொன்னது என்றால்.

பாக்சன் சென்னைக்கு வந்த சில மாதத்திலேயே ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து அதற்கு 'ஆசியா' என்று பெயர் வைத்தார். பிறகு சாஃபோ, சில்வியா, கமில்லா. எல்லாம் கூவம் கரையிலிருந்து. ஆனால் வானாய்வகத்தின் அன்றாடச் சோறு இது அல்ல. அன்றாடம் என்பது மெரிடியன் சர்க்கிள் என்ற கருவியில் நட்சத்திரங்களின் இடம் அளப்பது. 1862-ல் தொடங்கி கால் நூற்றாண்டு ஓடிய அந்த வேலையில் 5,000-க்கு மேற்பட்ட நட்சத்திரங்களை அளந்தார்கள். அதில் பெரும் சுமையைத் தூக்கியவர் ரகுநாதாசாரி.

சிறு வயதிலேயே வானாய்வகத்தில் கீழ்மட்ட வேலைக்குச் சேர்ந்து, படிப்படியாக ஏறி, கிட்டத்தட்ட நாற்பது ஆண்டு அங்கேயே இருந்தவர். அந்த வேலையின் லட்சணம் தெரிந்தால்தான் அவர் செய்தது என்ன என்று புரியும். மெரிடியன் சர்க்கிளின் தொலைநோக்கி இடவலமாகத் திரும்பாது. வடக்கு தெற்காக மட்டும் ஏறி இறங்கும். வேண்டிய உயரத்தில் வைத்துவிட்டு நட்சத்திரம் தானாக வரும் வரை காத்திருக்க வேண்டும். அது வந்து பார்வையில் கட்டியிருக்கும் மெல்லிய இழைகளை ஒவ்வொன்றாகக் கடக்கும். எந்த விநாடியில் கடந்தது, விநாடியில் எத்தனை பங்கு என்பதைப் பிடிக்க வேண்டும். உடனே நுண்ணோக்கி வழியாக வட்டத்தின் பாகை, கலை, விகலை. அடுத்த நட்சத்திரம் வர இரண்டு மூன்று நிமிடம். ஒவ்வொன்றுக்கும் நோட்டில் ஒரு வரிசை, ஓரமாக ஒரு சின்னக் கட்டம்: ஒளித்தரம். இடம்தான் முக்கியம், அந்தக் கட்டம் சும்மா அடையாளத்துக்கு. பக்கத்து நட்சத்திரத்தைத் தப்பாக அளந்துவிடாமல் இருக்க ஒரு கண்மதிப்பு, எட்டு, எட்டரை என்று. ஆயிரக்கணக்கில் எழுதுகிறவன் அதைப் பழைய நோட்டிலிருந்து பார்த்து எழுதிவிடலாம், யாரும் கேட்கப் போவதில்லை.

ரகுநாதாசாரி பார்த்து எழுதினார். 1867-ல் தென்கோடி வானத்தில் ரெட்டிகுலம் என்ற குட்டி மண்டலத்தில் ஒரு நட்சத்திரம் அந்தச் சின்னக் கட்டத்தோடு ஒத்துவரவில்லை. முந்தைய பதிவுகளோடு ஒப்பிட்டார். எழுதினவன் தப்பு என்று அடித்துவிட்டுப் போகாமல், நட்சத்திரம் மாறியிருக்கிறது என்ற முடிவுக்கு வந்தார். வானாய்வக அறிக்கையில் பாக்சன் கண்டுபிடிப்பை இவர் பெயரிலேயே பதிந்தார். மேலதிகாரிகள் எல்லோரும் அப்படிச் செய்வதில்லை என்பதால் இதைச் சொல்கிறேன். ஒரு மண்டலத்தில் முதலில் அகப்படும் மாறொளி நட்சத்திரத்துக்கு 'ஆர்' என்று எழுத்து வைப்பது ஜெர்மானியர் ஆர்கெலாண்டர் ஏற்படுத்திய வழக்கம். ரெட்டிகுலத்தில் முதல் மாறொளி இவருடையது.

அது எந்த இடத்தில் இருந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். வான நடுக்கோட்டுக்கு 63 பாகை தெற்கு. சென்னையில் அது எவ்வளவு உயர ஏறினாலும் தெற்குத் தொடுவானத்திலிருந்து 14 பாகைதான். கையை நீட்டி முஷ்டியை மடக்கிப் பிடித்தால் ஒன்றரை முஷ்டி. லண்டனிலும் பாரிஸிலும் பெர்லினிலும் அது உதிப்பதே இல்லை. அந்தத் தாழ்வில் காற்றுமண்டலமே கிட்டத்தட்ட ஒரு தரம் ஒளியைத் தின்றுவிடும், இரவுக்கு இரவு தின்னும் அளவும் மாறும். அந்தப் புழுதிக்கும் கடல் ஈரத்துக்கும் நடுவில், மாறியது காற்றல்ல, நட்சத்திரம்தான் என்று சொல்லத் தைரியம் வேண்டும். ஆர் ரெட்டிகுலியின் சுற்று சுமார் 278 நாள். உச்சத்தில் ஆறரையாம் தரம், அதாவது வெறுங்கண்ணின் விளிம்பு. தாழ்வில் பதினாலுக்கும் கீழே. பாக்சன் கணக்குப்படி பார்த்தால் ஆயிரம் மடங்குக்கு மேல்.

ஆயிரம் மடங்கு என்றால் ஒரு சூரியன் அத்தனை அணைந்து அத்தனை எரிகிறதா என்று கேட்பார்கள். இல்லை. இவை வயதான நட்சத்திரங்கள். நடுவில் கரியும் ஆக்சிஜனும் திரண்ட சிறு கரு. அதைச் சுற்றி ஹீலியமும் ஹைட்ரஜனும் எரியும் ஓடுகள். வெளியே சூரியனைப்போல் சில நூறு மடங்கு ஊதிப்போன, மிக லேசான மேல்மண்டலம். மேற்பரப்பில் வெப்பம் 3,000 கெல்வின் அளவுக்குத்தான் இருக்கும், அதனால்தான் சிவப்பு. அந்த மேல்மண்டலம் ஆவி சேர்ந்து மூடியைத் தூக்கி, விட்டுவிட்டுச் சரியும் சோற்றுப்பானைபோல வெப்பத்தைப் பிடித்துவைப்பதும் வெளிவிடுவதுமாக ஏறி இறங்குகிறது. இறங்கிக் குளிரும் சமயத்தில் டைட்டானியம் ஆக்சைடு மூலக்கூறுகள் பெருகி, கண்ணுக்குத் தெரியும் ஒளியை மட்டும் விழுங்கிவிடுகின்றன. மொத்த ஆற்றல் குறைவது இரண்டு மூன்று மடங்குதான், மீதி எல்லாம் அகச்சிவப்பில் போய்க்கொண்டே இருக்கிறது. கூடவே தூசும் வாயுவும் வெளியே வீசி, நட்சத்திரம் மெல்லக் கரைந்துகொண்டிருக்கும். 2007-ல் ஒரு புறஊதா விண்கலத்தின் படத்தில் மீராவுக்குப் பின்னால் 13 ஒளியாண்டு நீளத்துக்கு ஒரு வால் அகப்பட்டது. முப்பதாயிரம் ஆண்டில் உதிர்த்தது. பல நூறு கோடி ஆண்டுகள் கழித்து நம் சூரியனுக்கும் இதே கதிதான்.

இப்போது பார்க்கிறவன் பக்கம். மாறொளி நட்சத்திரத்தை மதிப்பிடும் முறை இன்றும் ஆர்கெலாண்டர் சொன்னதுதான். மாறுகிற நட்சத்திரத்தைவிட ஒரு படி பிரகாசமான, மாறாத நட்சத்திரம் ஒன்று. ஒரு படி மங்கலானது ஒன்று. இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்கிறது? மீராவுக்கு மேலே பிடித்துக்கொள்ள மென்கர் 2.5, நடுவில் காமா 3.5, கீழே டெல்டா 4.1. மார்கழி இரவில் தாம்பரம் மாடியிலிருந்தே இவை கிடைக்கும். சொல்லக் கேட்டால் எளிதாக இருக்கும், செய்து பார்த்தால்தான் சிக்கல் தெரியும். சிவப்பு நட்சத்திரத்தை உற்று உற்றுப் பார்த்தால் அது கண்ணுக்குள் ஏறிக்கொண்டே போகும். ஐந்து விநாடி பார்த்தவனுக்கு 3.6 என்றால், அரை நிமிடம் பார்த்தவன் 3.2 என்பான். ஆகையால் பார், விலகு, மற்றதைப் பார், விலகு. மங்கலான நட்சத்திரங்களுக்கு ஓரக்கண் பார்வை நல்லது என்பார்கள், சிவப்புக்கு அதுவும் ஏமாற்றும். நிலா இருந்தால் வெள்ளை நட்சத்திரங்கள் வெளிறிப்போய்ச் சிவப்புக்கு அநியாய அனுகூலம். இத்தனையும் போக, போன வாரம் எழுதியது என்ன என்று நோட்டைப் புரட்டவே கூடாது. புரட்டினால் கண் பார்க்காது, நினைவு பார்க்கும்.

ஆர் ரெட்டிகுலியை நான் பார்த்தது ஜவ்வாது மலையில், காவலூருக்குப் போகும் வழியில் ஒரு நண்பரின் தோட்டத்து மேட்டிலிருந்து. அப்போது அது எட்டரைக்குப் பக்கத்தில் இருந்தது. ஆறு அங்குலத் தொலைநோக்கியில் ஒரு செங்கல் நிறப் பொட்டு. தெற்கே மலை விளிம்பு மறைக்கிறது என்று தோட்டத்துக்காரர் தென்னை மரத்தடிக்கும் கிணற்று மேடைக்குமாக என்னை அலையவைத்தார். "இதுக்கா சார் இவ்வளவு தூரம் வந்தீங்க? ஒண்ணுமே ஆடலையே?" என்றும் கேட்டார். நியாயமான கேள்வி. அது ஆடுவதைப் பார்க்க மாதக்கணக்கு வேண்டும்.

ரகுநாதாசாரியின் பெயர் வெளியே போனது நட்சத்திரத்தால் மட்டுமல்ல. 1868 ஆகஸ்ட் 18-இன் முழுச் சூரிய கிரகணத்தின்போது பாக்சன் மசூலிப்பட்டினத்தில் முகாமிட, நிஜாம் சீமையிலுள்ள வனபர்த்திக்கு இன்னொரு குழுவை நடத்திப் போனவர் இவர். 1872-ல் லண்டன் ராயல் வானியல் சங்கம் இவரை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. அந்தக் காலத்தில் அதில் இடம் பெற்ற இந்தியர்கள் விரல்விட்டு எண்ணத் தக்கவர்கள். ஒரு வேடிக்கை: 1873 முதல் அதே வானாய்வகத்தில் உதவியாளராக இருந்த பாக்சனின் மகள் எலிசபெத் ஐசிஸை 1886-ல் அதே சங்கத்துக்கு முன்மொழிந்தபோது, சாசனத்தில் 'அவன்' என்றுதான் இருக்கிறது, பெண்ணைச் சேர்க்க முடியாது என்று சட்டம் பேசி மறுத்துவிட்டார்கள். அந்த அம்மாளுக்கு 1920 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1874 டிசம்பரில் வெள்ளி சூரியனைக் கடந்தது. அதற்காக ரகுநாதாசாரி ஒரு சிறு நூல் எழுதி, பல மொழிகளில் வெளிவரச் செய்தார். என்னைக் கேட்டால் அவர் செய்ததிலேயே துணிச்சலான காரியம் அதுதான். பழைய சித்தாந்தம் படித்த ஒரு பண்டிதருக்கும் தமக்கும் நடக்கும் உரையாடலாக அதை அமைத்தார். பண்டிதர் கேட்கிறார், இவர் விளக்குகிறார். பண்டிதரை முட்டாளாக்கி வெற்றி கொண்டாடும் நூல் அல்ல அது. படித்த மனிதனுக்குப் படித்த மனிதன் சொல்கிற தொனி. திருக்கணிதப் பஞ்சாங்கத்துக்கும் அவர் போராடிய விதம் இதுதான். ஆங்கிலேயரின் கடலோடிப் பஞ்சாங்கத்திலிருந்து கிரக நிலைகளை எடுத்து, திதி, நட்சத்திரம், யோகம், கரணம் என்று நம் வடிவத்துக்குள் வைத்தார். சாஸ்திரத்தை விடுங்கள் என்று அவர் சொல்லவில்லை. சிராத்தத்தைச் சரியான திதியில் செய்ய வேண்டும் என்றால் திதி சரியாக இருக்க வேண்டாமா என்று கேட்டார். என் தாத்தா அந்த நூலைப் படித்திருந்தால் ஒத்துக்கொண்டிருப்பாரா? மாட்டார். ஆனால் உட்கார்ந்து பேசியிருப்பார்.

1880 பிப்ரவரியில் ரகுநாதாசாரி காலமானார். பாக்சன் 1891-ல் சென்னையிலேயே இறந்தார். மாறொளி நட்சத்திரங்களை அவர் பார்த்து எழுதிய குறிப்புகள் அவர் உயிரோடு இருந்தவரை அச்சேறவில்லை; 31 நட்சத்திரங்களின் பதிவுகள் 1908-ல்தான் இங்கிலாந்தில் வெளிவந்தன. நூற்றாண்டின் முடிவில் வானியல் வேலை கொடைக்கானலுக்குப் போய், சூரியனைப் பார்ப்பதாக மாறியது. நுங்கம்பாக்கத்துக்கு மழையும் வெயிலும் மணியும் மிஞ்சின.

அரசு கைவிட்ட இந்த வேலையை இந்தியாவில் பிடித்துக்கொண்டவர் வானியலாளரே அல்ல. வங்காளத்தில் ஜெசோர் கருவூலத்தில் பணம் எண்ணிக்கொண்டிருந்த ராதாகோவிந்த சந்திரா. அமெரிக்காவில் 1911-ல் தொடங்கிய மாறொளி நட்சத்திரப் பார்வையாளர் சங்கத்துக்குத் தம் மதிப்பீடுகளை அனுப்ப ஆரம்பித்தார், மொத்தம் 37,215. சங்கம் 1926-ல் அவருக்கு ஓர் ஆறு அங்குலத் தொலைநோக்கியைக் கடனாக அனுப்பிவைத்தது. அந்தக் கருவி பிற்பாடு வானியலாளர் வேணு பாப்புவின் கைக்கு வந்து, கடைசியில் காவலூர் வானாய்வகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. நம் ஊரில் வானியல் என்றால் ராக்கெட் என்று நினைக்கிறவர்களுக்கு இந்தக் கணக்குப்பிள்ளையைப் பற்றி நான் சொல்வது பிடிப்பதில்லை.

இத்தனை பதிவுகளால் என்ன லாபம் என்றால், ஆர் ஹைட்ரே என்ற இன்னொரு மீரா வகை நட்சத்திரத்தைக் காட்டலாம். 1700 வாக்கில் அதன் சுற்று 495 நாள் போல இருந்தது. இன்று 390-க்கும் கீழே. மூன்று நூற்றாண்டில் நூறு நாளுக்கு மேல் சுருங்கியிருக்கிறது. ஒரு நட்சத்திரம் தன் உள்ளுக்குள் மாறிக்கொண்டிருப்பது மனிதக் காலத்துக்குள்ளேயே அகப்படுவது அபூர்வம். ஒவ்வொரு தலைமுறையிலும் யாரோ ஒருவர் முந்தையவர் எழுதியதை நம்பாமல் தாமே பார்த்து எழுதியிராவிட்டால் அது தெரிந்தே இருக்காது.

பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு வழி சொல்கிறேன். தை பிறக்கும் சமயம், நிலா இல்லாத இரவு, மணி ஒன்பது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் தாண்டி, தெற்கே ஊர் வெளிச்சம் இல்லாத இடமாகப் பார்த்து நில்லுங்கள். அகத்திய நட்சத்திரம் தென்கிழக்கில் ஏறி நிற்கும், தவற விட முடியாது. அதற்கு வலப்பக்கம், அதைவிடத் தாழ்வாக, நேர் தெற்கில் பைனாகுலரை மெல்ல நகர்த்தினால் சிவந்த புள்ளி ஒன்று அகப்படும். அது ஆர் டொராடஸ். சூரியனைத் தவிர்த்தால் நம் வானத்தில் வட்டமே மிகப் பெரிதாகத் தோன்றுகிற நட்சத்திரங்களில் ஒன்று அது. அதன் மேற்பரப்பில் சூரியனைவிடப் பெரிய குமிழ்கள் கொப்பளிப்பதை சிலியிலுள்ள அல்மா ரேடியோத் தொலைநோக்கிகள் 2023-ல் படம் பிடித்தன. அதற்கு ஒரு பாகை கீழே, ஒரு நூல் மேற்கே, பைனாகுலரின் அதே வட்டத்துக்குள் ரகுநாதாசாரியின் நட்சத்திரம் இருக்கும். உச்சத்துக்குப் பக்கத்தில் இருந்தால் பைனாகுலரே போதும். தாழ்வில் இருந்தால் எந்த வீட்டுத் தொலைநோக்கியும் உதவாது. அந்தச் சுற்றை விட்டுவிட்டு அடுத்த தையிலோ மாசியிலோ வர வேண்டியதுதான்.